தைப்பவர் மறைந்தபின் துணி யாருக்கு?

மனிதன் சேர்த்து வைக்கும் பொருள்களுள் சில, அவன் கண்மூடியவுடன் தாமும் கண்மூடி விடுகின்றன. வீடு அவ்வாறன்று, அதில் வேறொருவர் குடியேறலாம். நகையும் அவ்வாறன்று, அதை நிறுத்து விலை சொல்ல நூறு பேர் உண்டு. கடையோ, பேரேடு மட்டும் ஒழுங்காக இருக்குமானால், மகனோ மருமகனோ மறுநாளே கல்லாவில் அமரத்தக்கது. ஆனால் ஒருவருடைய கண்ணும் கையும் மட்டுமே பொருள் கண்டு சேர்த்த பண்டங்கள் சில உள்ளன. அவற்றைப்பற்றி நம்மவர் அதிகமாகச் சிந்திப்பதில்லை. நம் சங்கத்தின் அங்கத்தினர்களிற் பலர் ஜவுளிக் கடைக்காரர் ஆதலின், அத்தகைய பண்டங்களுள் நம் தொழிலுக்கு மிக அண்மையிலுள்ள ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

துணியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றை ஓர் ஒழுங்கில் இணைத்து மேல்விரிப்பாக்கி, அதன் கீழே பஞ்சுப் படலமும், அதற்கும் கீழே அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாகத் தையலோட்டிச் செய்யும் போர்வைக்குக் 'குவில்ட்' என்று பெயர். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இது பெரியதொரு கைவேலை. நம் ஊர்களிலும் இதனைப் பயின்ற மாதர் உளர். பழைய சேலைகளை அடுக்கித் தைத்துப் பிள்ளைக்கு விரித்த பாட்டிமாரை நாம் அறிவோம். மலாய்க்காரர் 'காயின் பெர்ச்சா' என்று சொல்லும் வெட்டுத்துணிகளை இணைத்த விரிப்புகளையும் நம்மிற் பலர் பார்த்திருப்போம். அவையெல்லாம் மிஞ்சியதைக் கொண்டு செய்தவை. இக்காலத்துக் குவில்ட் தைப்பவரோ புதுத் துணியைக் கடையில் விலை கொடுத்து வாங்கி, வேண்டுமென்றே அதைத் துண்டாடுகிறார். கடைக்காரனுக்கு இதைவிட நல்ல வாடிக்கை வேறு யார்?

அவர்கள் வாங்கும் முறையே தனி. ஒரு சட்டைக்கு இத்தனை கெஜம் என்று கணக்கிட்டு வாங்குவது நம் வாடிக்கையாளர் வழக்கம். இவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. அழகிய அச்சு ஒன்று கண்ணிற்பட்டால் அரைக் கெஜம். மிகவும் பிடித்துவிட்டால் மூன்று கெஜம். எதற்கென்று அப்போது தெரியாது. 'ஃபேட் குவார்ட்டர்' என்று அவர்கள் வழங்கும் 18 அங்குலத்துக்கு 22 அங்குலத் துண்டு, அரைக் கெஜத்தை அகலத்தில் இரண்டாக வெட்டியதேயாகும். அதை நாலாய் எட்டாய் மடித்து நாடா கட்டிக் கடையின் முகப்பில் வைத்தால், எதுவும் தேவையில்லாமல் வந்தவரும் இரண்டு கட்டு எடுத்துச் செல்வார். இப்படி இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அலமாரி, பெட்டி, கட்டிலடி, சில வீடுகளில் ஓர் அறை முழுவதுமே துணியாகி விடுகிறது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். பெரிய கட்டிலுக்குரிய குவில்ட் ஒன்றுக்கு, அடித்துணியுஞ் சேர்த்து, 15 கெஜம் ஆகுமென்று வைத்துக்கொள்வோம். 70 வயது மாது ஒருவரிடம் 600 கெஜம் இருப்பில் உள்ளது. ஆண்டுக்கு இரண்டு தைத்து முடிப்பார். இருப்புத் தீர 20 ஆண்டுகள் வேண்டும். அதாவது 90 வயது வரை, கண்ணும் விரலும் ஒத்துழைக்க, இனி ஒரு கெஜங்கூட வாங்காமல் அவர் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இக்கணக்கை அவர்கள் அறியாதவர்களல்லர். 'ஆயுளுக்கு மிஞ்சிய சேமிப்பு' என்று பொருள்படும் கேலிப்பெயர் ஒன்றை அமெரிக்க மாதர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டுள்ளனர். சாகும்போது யாரிடம் அதிகத் துணி இருக்கிறதோ அவரே ஜெயித்தவர் என்பதும் அவர்களுக்குள் வழங்கும் வேடிக்கை.

இது வீண்விரயமா? அவசரப்பட்டு ஆமென்று சொல்பவர், தம் கடையின் அலமாரிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டுகிறோம். ரவிக்கைத் துண்டு வாங்க வந்த பெண் சேலையின் தலைப்பை நீட்டி, "இதற்கு ஒத்த நீலம் காட்டுங்கள்" என்கிறாள். இருபது நீலங்களை எடுத்து மேசைமேல் விரிக்கிறோம். "இது சற்றுக் கறுப்பு; இது சற்றுப் பச்சை கலந்தது" என்று பத்தொன்பதைத் தள்ளி, இருபதாவதை எடுத்துக்கொண்டு போகிறாள். அந்தப் பத்தொன்பதும் வீணென்று எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான். அவை இருந்தபடியாலன்றோ இருபதாவது விலைபோயிற்று! குவில்ட் தைப்பவருக்கு அவருடைய அறையே கடை; வாடிக்கைக்காரரும் அவரே. ஒரு நட்சத்திரத்தின் எட்டு முனைகளுக்கு எட்டு நீலம் வேண்டுமென்றால் நாற்பது நீலம் கையில் இருக்கவேண்டும்.

எனினும் எல்லாவற்றையும் இந்த நியாயத்தால் மூடிவிட முடியாது. தைப்பது ஒரு பொழுதுபோக்கு, துணி வாங்குவது வேறொரு பொழுதுபோக்கு என்று அவர்களே ஒப்புக்கொள்கின்றனர். தைக்க நேரமில்லாத நாளில் வாங்குவது தைத்ததற்கு ஈடான ஓர் ஆறுதலைத் தந்து விடுகிறது. புத்தகம் வாங்குபவர்களிடமும் இந்த இயல்பு உண்டு. வாங்கிய அன்று படித்துவிட்டது போன்ற திருப்தி, படிப்பது பிறகு. கடைக்காரராகிய நாமும் இந்தப் பலவீனத்தின்மேல்தான் பாதிப் பிழைப்பு நடத்துகிறோம் என்பதால், குற்றஞ்சாட்டும் தகுதி நமக்கு அதிகமில்லை.

இனி, அந்த மாது மறைந்த பிறகு நடப்பதைக் காண்போம்.

இறந்தவருடைய உடை, கண்ணாடி, செருப்பு, தொழுகை விரிப்பு ஆகியவற்றைப் பார்க்கும்போது வீட்டாருக்குத் துக்கம் பொங்குகிறது. அவை கழிந்த காலத்தின் அடையாளங்கள். அவர் உடுத்தினார், நடந்தார், தொழுதார், அது முடிந்தது. வெட்டப்படாத துணி அப்படிப்பட்டதன்று. அது கழிந்த காலத்தைச் சேர்ந்ததே அன்று. அவர் வாழ எண்ணியிருந்த காலத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு கெஜமும் நாளைக்கென்று அவர் செய்த ஏற்பாடு. பெட்டியின் அடியில் தனியே கட்டி வைத்த மஞ்சள் துண்டுகள் பேத்தியின் பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்து வாங்கியவையாக இருக்கலாம். மேல் தட்டிலுள்ள பச்சை, புது வீட்டின் முன்னறைக்காக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது; உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவரே, அவர் இப்போது இல்லை. வாரிசுகளின் கைக்கு வந்து சேர்வது வாழப்படாத ஓர் எதிர்காலத்தின் மிச்சம். அதைத் தூக்கி எறியவும் மனம் வருவதில்லை. வைத்துக்கொள்ளவும் வழி தெரிவதில்லை.

பிள்ளைகளில் ஒருவர் அறையைப் பூட்டிவிடுகிறார். தாய் வைத்தது வைத்தபடியே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். மரியாதையான எண்ணந்தான். ஆனால் துணி அந்த மரியாதையை அறியாது. நம் நாட்டுச் சீதோஷ்ணத்தில் பூட்டிய அறை என்ன ஆகுமென்று ஜவுளிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை: பூஞ்சை பிடிக்கும், கஞ்சியிட்ட துணியை வெள்ளிப்பூச்சி அரிக்கும், ஒரே மடிப்பிற் கிடந்தது மடிப்பிலேயே நைந்துபோகும், சாயம்பூசாத மரப்பலகையிற் பட்ட பாகம் பழுப்பேறும். மற்றொருவர் லாரியை அழைத்து ஒரே நாளில் அறையைக் காலி செய்கிறார். வேறு சிலர் தைப்போர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புகின்றனர். அமெரிக்காவில் இத்தகைய சங்கங்கள் பல ஊர்களில் உள்ளன. ஓர் அங்கத்தினர் இறந்தால் மற்றவர்கள் வந்து தரம்பிரித்து, மடித்து, சங்கக் கூடத்தில் விற்பனைக்கு வைக்கின்றனர். கடையில் கெஜம் 10 டாலருக்குமேல் கொடுத்து வாங்கியது அங்கே சில டாலருக்குப் போகும். துண்டுகள் எடைக்கோ பைக்கணக்கிலோ போகும். எஞ்சியது தர்மத்துக்காகத் தைப்பவர்களைச் சேரும். நோயுற்ற, துன்பமுற்ற குழந்தைகளுக்குப் போர்வை வழங்கும் 'புராஜெக்ட் லைனஸ்' என்ற அமைப்பு 1995ஆம் ஆண்டில் அந்நாட்டில் தொடங்கப்பட்டது. அத்தகையோருக்கு இத்துணி பெரிதும் உதவுகிறது.

விலை இவ்வளவு வீழ்வதேன்? துணியின் நூல் மாறவில்லை, சாயம் மாறவில்லை. அதை வைத்திருந்தவரின் நோக்கம் ஒன்றே போய்விட்டது. நூறு துண்டுகளை ஒரு தொகுதியாகக் கட்டி வைத்திருந்தது அந்த நோக்கம். அது அறுந்தவுடன் தொகுதி குவியலாகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த 'ஜீஸ் பெண்ட்' என்னும் ஊர் உள்ளது. அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களுக்குப் புதுத் துணி வாங்க வசதி இருந்ததில்லை. 1942ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்ற மாது, இறந்துபோன கணவரின் வேலை உடைகளை வெட்டி, மகளின் துணையோடு ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்திப் படுக்கவுமே அதைச் செய்ததாக அந்த மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வூர் மாதரின் குவில்ட்கள் 2002இல் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, பின்னர் பல நகரங்களுக்குச் சென்றன. 2006இல் அமெரிக்கத் தபால்துறை அவற்றைத் தபால்தலைகளாகவும் வெளியிட்டது. அந்த விதவைக்கு, என்ன செய்வது என்ற குழப்பமே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முழங்காலில் நைந்த காற்சட்டை யாருடையது, எந்தக் காட்டில் உழைத்தது என்பதெல்லாம் அத்துணியிலேயே எழுதியிருந்தது. வெட்டப்படாத 600 கெஜத்தில் அப்படி எழுத்து ஒன்றுமில்லை.

எழுத்து என்றவுடன் நம் சிங்கப்பூரின் சங்கதி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1942 பிப்ரவரியில் இத்தீவு ஜப்பானியர் வசமானபின், ஐரோப்பிய மாதர் பலர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். கணவன்மார் அதே சிறையின் வேறு பகுதியில். ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவர் அறிய வழியில்லை. எத்தல் மல்வேனி என்ற கனடிய மாது ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப்பற்றிய ஏதாவதொன்றை நூலால் வரைந்து பெயரையும் தைக்க வேண்டும். குவில்ட்டுக்கு 66 சதுரம் வீதம் மூன்று குவில்ட்கள் உருவாயின. ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, ஜப்பானியப் போர்வீரர்களுள் காயமுற்றோருக்கு என்று சொல்லி அவை சிறையை விட்டு வெளியேறின. கணவன்மார் சிலர் மனைவியின் பெயரை அதிற் கண்டு அவள் உயிருடன் இருப்பதை அறிந்தனர். இன்று அவற்றுள் இரண்டு கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. அலமாரி நிறையத் துணி வைத்திருந்தவர்களும் அம்மாதருள் இருந்திருப்பர். அந்த அலமாரிகள் போன இடம் தெரியாது. நாளை என்று ஒன்று உண்டா என்று அறியாமல் ஆறங்குலத் துண்டில் பெயர் தைத்ததே இன்னும் இருக்கிறது.

வெட்டினால் அழிந்துவிடுமே என்று தயங்கும் வாரிசுகள் நம் முன்னோரின் சரக்கு பட்ட பாட்டையும் அறிந்துகொள்ளலாம். சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமிட்ட சீட்டித்துணி, மரக்காயர் கப்பல்களில் கிழக்கேயும், கும்பினிக் கப்பல்களில் மேற்கேயும் சென்றது. இங்கிலாந்தின் மாதர் அதன் பூக்களையும் கொடிகளையும் கத்தரித்தெடுத்து வெள்ளைத் துணிமேல் ஒட்டித் தைத்துப் போர்வையாக்கினர். 1721இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அச்சிட்ட பருத்தித்துணிகளிற் பெரும்பாலானவற்றை உடுப்பதையும் வீட்டிற் பயன்படுத்துவதையும் தடை செய்தது. 1774இல்தான் அது தளர்ந்தது. துணி அரிதாகும்போது துண்டுக்கும் மதிப்பேறும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அக்காலத்து அச்சுத்துணிகளை ஆராய்வோர் இன்று பழைய குவில்ட்களைத்தான் தேடிப்போகின்றனர். கட்டுக்கட்டாக இருந்தவை உடுத்தித் தேய்ந்தும் மக்கியும் போயின. வெட்டித் தைத்து வைத்த துண்டுகளிற் பல பிழைத்திருக்கின்றன. இதற்கு மாறாக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடை கூட்டுவதற்காக உலோக உப்பில் தோய்த்து விற்கப்பட்ட பட்டு, எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் மடித்த நிலையிலேயே நொறுங்கிப் போயிற்று. அப்படித் தோய்த்தவர்களும் வணிகர்களே.

சட்டம் என்ன சொல்கிறது? நம் மார்க்கத்தின் வாரிசுரிமைக்கு முன்னால் பெரிய சொத்து, சிறிய சொத்து என்ற வேற்றுமையில்லை, பொத்தானும் சொத்துதான். முதலில் ஜனாஸாச் செலவு, பிறகு கடன் (துணிக்கடைப் பாக்கியும் இதிலடங்கும்), பிறகு மூன்றிலொரு பாகத்துக்கு மேற்படாத வஸிய்யத்து, எஞ்சியது வாரிசுகளுக்கு. ஒரு மாது கணவரையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் மட்டும் விட்டுச் சென்றால் கணவருக்குக் கால்பாகம், மகனுக்கு அரைப்பாகம், மகளுக்குக் கால்பாகம். ஆக, ஊசியைப் பிடித்தறியாத மகனுக்கு 300 கெஜம். தாயருகில் அமர்ந்து தைக்கப் பழகிய மகளுக்கு 150 கெஜம்! இதில் அநீதி ஒன்றுமில்லை. மதிப்பைக் கணக்கிட்டு, மனமொப்பி, மகன் வேறு பொருளில் தன் பாகத்தை எடுத்துக்கொண்டு துணியைத் தங்கைக்கு விடலாம். ஆனால் "அம்மாவின் துணிதானே, தர்மத்துக்குக் கொடுத்துவிடுவோம்" என்று ஒருவரே முடிவு செய்து அள்ளிக்கொடுக்க முடியாது. வயது வராத பிள்ளை ஒன்றிருந்தால், அதன் பங்கைத் தானஞ்செய்ய யாருக்கும் உரிமையில்லை. சிங்கப்பூரில் ஷரீஅத் நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழ் பாகங்களைத்தான் சொல்லும். எந்தப் பெட்டி யாருக்கு உகந்தது என்று சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர் துணிக்குரியவர்தான், அதுவும் உயிரோடிருக்கும்போது. வாரிசல்லாதவருக்கு, உதாரணமாகத் தன்னிடம் தையல் பயின்ற அண்டை வீட்டுப் பெண்ணுக்கு, மூன்றிலொரு பாகத்துக்குள் எழுதி வைக்கலாம். வாரிசுக்கே கொடுக்க விரும்பினால், நல்ல சுகத்தோடிருக்கும் காலத்தில் கையிற் கொடுத்து ஒப்படைத்துவிடலாம்; மரணப் படுக்கையிற் கொடுப்பது வஸிய்யத்தின் கணக்கில் போய்விடும் என்பதை ஆலிம்கள் நினைவூட்டுவார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டைக் குத்தி, எதற்காக வாங்கியது, எவ்வளவு உள்ளது என்று எழுதி வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். நம் கிட்டங்கியில் இருப்புப் புத்தகம் இல்லாமல் ஒரு நாள் ஓடுமா?

ஆனால் பெரும்பாலோர் எழுதுவதில்லை. காரணம் சோம்பல் அன்று. இன்னும் 20 ஆண்டு தைக்கலாம் என்ற எண்ணமே அந்தத் துணியின் இன்பம். சீட்டெழுத உட்கார்ந்தால், இதில் எவ்வளவு தன் கையால் முடியும், எவ்வளவு முடியாது என்று பிரிக்கவேண்டி வருகிறது. அப்படிப் பிரித்தவுடன் ஒரு பகுதி அன்னியமாகிவிடுகிறது. தன் துணியைத் தானே பார்த்து ஆயுளை அளக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே, "எழுதி வையுங்கள், அம்மா" என்று பிள்ளைகள் நெருக்குவதைக் காட்டிலும், மாலையில் ஒரு மணி நேரம் உடனிருந்து, "இதை எங்கே வாங்கினீர்கள், எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டு, தாமே குறித்துக்கொள்வது நலம் என்று நமக்குப் படுகிறது. கேட்பாரிருந்தால் சொல்லாத தாய் இல்லை. துணியின் கதையைச் சொல்லச் சொன்னால் எந்தத் தாயும் அதை மரணப் பேச்சாகக் கொள்ளமாட்டாள்.

இனி நம் வணிகர்களுக்கு நேரே உரியதொரு விஷயம். அரப் ஸ்திரீட்டிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உள்ள நம் கடை வாசலில் ஒரு நாள் ஓர் இளைஞர் நான்கு பெட்டிகளுடன் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பாய், அம்மா மவுத்தாகிவிட்டார்கள். என்ன விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது: மேலே உள்ளவை சாதாரணப் பருத்தி, அடியில் லண்டன் லிபர்ட்டி கடையின் மெல்லிய லான் துணி இருபது துண்டு, சாதாரணத் துணியைப்போலப் பன்மடங்கு விலையுள்ளது, அதற்கும் அடியில் இனி அச்சிடப்படாத பழைய வகைகள். குவில்ட்டுக்குரிய அச்சுகள் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு அச்சிடப்பட்டு நின்றுவிடுபவை. கைவசமுள்ள விரிப்பை முடிக்க அரைக் கெஜம் குறைந்து, ஊரெல்லாம் தேடுபவர் உண்டு. இளைஞர் இதை அறியார். அவர் கண்ணுக்கு நான்கு பெட்டியும் ஒன்றே. எடைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

"என் அறிவு நாற்பது வருஷ உழைப்பால் வந்தது, அதற்கு நான் கூலி பெறக்கூடாதா?" என்று ஒருவர் கேட்கலாம். பெறலாம். மொத்த வியாபாரியிடம் நாம் வாங்கும்போது அவரும் அறிந்தவர், நாமும் அறிந்தவர். அங்கே சாமர்த்தியத்துக்கு இடமுண்டு. ஆனால் சந்தைக்குச் சரக்குக் கொண்டுவரும் ஒட்டகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு, அவர்கள் விலை அறியுமுன் வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த பிள்ளை, சந்தை எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாதவர். அந்தப் பிரயாணிகளைவிட எளிய நிலையில் இருப்பவர். அவரிடம் நாம் வாய்மூடி இருப்பது விலைபேசுவதாகாது. "தம்பி, இந்த இருபது துண்டுக்குத் தனி விலை உண்டு, இந்தப் பழைய வகைகளைத் தைப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள், மற்றது எடைக்குத்தான் போகும்" என்று பிரித்துச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். சொன்னபிறகு, கடை வாடகையும் விற்காமற் போகும் அபாயமும் கருதிக் குறைத்துக் கேட்பதில் பழியில்லை. அல்லது நம் கடையில் வைத்து விற்றுத் தரகு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். "இதை வாங்க உங்கள் ஒருவர் கையெழுத்துப் போதாது, மற்ற வாரிசுகளும் சம்மதிக்க வேண்டும்" என்றும் சொல்லிவிடுவது நமக்கே பாதுகாப்பு. இவ்வளவு செய்தால் லாபம் குறையும் என்பதில் ஐயமில்லை. நாம் லாபத்துக்காகவே கடை வைத்திருக்கிறோம் என்பதிலும் ஐயமில்லை. ஆனாலும் அந்த இளைஞரின் அறியாமைக்கு நாம் போடும் விலை, அவருடைய தாயின் கடைசிச் சரக்கிலிருந்து எடுக்கப்படுகிறது.

துணியைவிடக் கடினமானதொன்று பெட்டியின் அடியில் கிடக்கும். பாதி தைத்த குவில்ட். துண்டுகள் வெட்டி, சில வரிசைகள் இணைத்து, ஊசி குத்தியபடியே நின்றுபோனது. கெஜத்துணிக்கு வாங்குவோர் கிடைப்பர். இதற்கு யாரும் விலை சொல்லமாட்டார். இதை வேறொருவர் முடிக்கலாமா? முடித்தால் அது யாருடையது? தாயின் கைவேலை தாயோடு நிற்கட்டும் என்போர் உண்டு. நமக்கு அது சரியாகத் தோன்றவில்லை. போர்வைக்கென்று தொடங்கியது ஒருவரைப் போர்த்தட்டும். தையல் ஒத்துப்போகாது என்பது உண்மை. இறந்தவர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டிருப்பார், முடிப்பவர் ஏழு போடுவார். எங்கே ஒரு கை நின்று மறு கை தொடங்கிற்று என்று பார்த்தவுடன் தெரியும். தெரியட்டுமே. பழைய தையலைப் பிரித்துச் சீராக்க வேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டுகளில், மாவு, தீவன மூட்டைகளின் அச்சுத்துணியை வெட்டி அமெரிக்க மாதர் இணைத்து வைத்த மேல்விரிப்புகள், இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பின் முன்பின் அறியாதவர்களின் கையால் பஞ்சும் அடித்துணியும் பெற்று முடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் வயதைக் கணிப்பவர்கள் மேலே ஒரு காலத்தையும், அடியில் வேறொரு காலத்தையும் காண்கிறார்கள். ஆதலின் முடிப்பவர் அடித்துணியின் மூலையில் ஒரு சிறு வெள்ளைத் துண்டை வைத்துத் தைத்து, அழியாத மையால் இரண்டு பெயரையும் இரண்டு ஆண்டையும் எழுதிவிட வேண்டும்: வெட்டித் தொடங்கியவர் இன்னார், இந்த ஆண்டு, முடித்தவர் இன்னார், இந்த ஆண்டு. பிறகு வீட்டில் குளிர்சாதனக் காற்றுக்கு முதலில் நடுங்குபவர் யாரோ அவரிடம் கொடுத்துவிடலாம்.